பள்ளிக்கூடம் திறக்கும்வரை கதைக்கேலாது

அந்த அமெரிக்கப் பெண் எங்களுக்குப் பக்கத்திலிருந்து எழும்பிப் போன விதத்தை அம்மா கனநாள் மறக்கவில்லை.

சிட்னியில் நடந்த தேசிய இளையோர் தடகளப் போட்டி அது. நான் அப்போது பதினோராம் வகுப்பு. என் விளையாட்டு முப்பாய்ச்சல். வேகமாக ஓடிவந்து பலகையில் ஒரு காலை ஊன்றி எம்ப வேண்டும். அதே காலில் இறங்கி, மறுகாலுக்கு மாறி, அங்கிருந்து மணலுக்குள் பாய வேண்டும். மெல்போர்னில் கிளென் வேவர்லியிலிருந்து அப்பாவும் அம்மாவும் நானும் காரில் வந்து, பரமட்டாவில் சித்தி வீட்டில் தங்கியிருந்தோம். காலையில் அம்மா எங்களை மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போய்விட்டுத்தான் மைதானத்துக்கு விட்டார். என் நெற்றியில் விபூதி, மார்பில் போட்டி இலக்கம்.

அன்று நன்றாகப் பாய்ந்திருந்தேன். பதக்கம் இல்லை, நான்காவது இடம். ஆனால் அதுவரை நான் தொட்டிராத தூரம். முடித்துவிட்டுப் படிகளில் ஏறி அப்பா அம்மாவிடம் வந்தபோது, அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு பெண் இருந்தார். நாற்பது வயதிருக்கும். கடும்நீலத் தொப்பியில் ஓர் அமெரிக்கக் கல்லூரியின் எழுத்துகள். மடியில் ஒரு வீடியோ கமரா. அப்பா சித்தி பொரித்துக் கட்டித்தந்த ரோல்ஸ் பெட்டியைத் திறந்து, எனக்கு நீட்டுவதற்கு முன் அவரிடம் நீட்டினார். அந்தப் பெண் பெட்டியைப் பார்த்தார். என் இலக்கத்தைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

“ஹலோ. சந்தித்ததில் மகிழ்ச்சி,” என்றார். அவ்வளவுதான். பையையும் கமராவையும் எடுத்துக்கொண்டு பல படிகள் கீழே இறங்கி, கூரை நிழல் முடிந்த இடத்தில், நல்ல வெயிலில் போய் இருந்தார்.

“எங்களில என்ன மணக்குதோ?” என்றார் அம்மா.

“சும்மா இரும். ஆளுக்கு வெயில் பிடிக்குமாக்கும்,” என்றார் அப்பா.

“நிழலை விட்டிட்டு வெயிலுக்கு ஆர் போவினம்? நான் எத்தினை பேரைப் பாத்தனான்.”

அம்மா மருத்துவமனைத் தாதி. ‘வேறு நர்ஸ் யாராவது இருக்கிறாவா’ என்று கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்ட நோயாளிகளை அவர் பார்த்திருக்கிறார். வீட்டில் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. ஆனால் அந்த முகங்களை அவர் மறப்பதும் இல்லை. மெல்போர்னுக்குத் திரும்பும் நீண்ட பயணத்தில் பாதி வழிவரை அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். எனக்கும் மனம் கனத்துத்தான் இருந்தது. அந்தத் தொப்பியைக் கண்ட கணத்தில், என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று ஒரு சின்ன ஆசை எழுந்து அடங்கியிருந்தது.

அடுத்த கிழமை அவரிடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கள் தடகளக் கழகத்தின் முகவரிக்கு வந்ததை என் பயிற்றுநர் அனுப்பிவைத்திருந்தார். தான் அந்தக் கல்லூரியின் பாய்ச்சல் பயிற்றுநர் என்றும், என் ஓட்டத்தின் கடைசி அடிகள் தனக்குப் பிடித்திருந்தன என்றும் எழுதியிருந்தார். பிறகு இப்படி ஒரு பந்தி: ‘உங்கள் பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும். அவர்கள் யார் என்று தெரியாமல் பக்கத்தில் இருந்துவிட்டேன். உங்கள் வயதில் உள்ள ஒரு மாணவியோடோ அவளுடைய பெற்றோரோடோ நான் நேரில் பேச எங்கள் விதிகள் அனுமதிப்பதில்லை. வணக்கம் சொல்லலாம், அதற்கு மேல் இல்லை. அந்தத் தின்பண்டம் மிக நன்றாக மணந்தது.’

கடைசி வரியை அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன்.

“அப்ப உண்மையாவே சட்டமோ?” என்றார். நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை.

எங்கள் வீட்டில் சட்டம் என்றால் அப்பாவுக்கு ஒரு தனி மரியாதை. கிழமை நாட்களில் அவர் ஓர் உணவுத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தார். சனிக்கிழமைகளில் எங்கள் பகுதிப் பூங்காக்களில் கிரிக்கெட் நடுவர். வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் காற்சட்டையுமாக அவர் புறப்படும்போது ஒரு நீதிபதி போவது போலிருக்கும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதிகளை இணையத்தில் தேடிப்பிடித்து, பள்ளி நூலகத்தில் அச்செடுத்து வந்து அவரிடம் கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்து, பென்சிலால் கோடு போட்டுப் போட்டு வாசித்தார். ஆங்கிலம் விளங்காமல் இல்லை. ஆனால் ஒவ்வொரு வசனத்துக்கும் மூன்று விதிவிலக்கு இருந்தது.

மெல்ல மெல்ல எங்களுக்கு விளங்கியது இதுதான். பயிற்றுநர் என்னைப் போட்டிகளில் பார்க்கலாம், படம் எடுக்கலாம், எழுதலாம். ஆனால் நேரில் பேசக்கூடாது. தொலைபேசியில் அழைக்கக்கூடாது. பள்ளியின் கடைசி வருடம் தொடங்கும் நாளிலிருந்துதான் அழைக்கலாம், அதுவும் கிழமைக்கு ஒரு தடவை. பெற்றோருக்கும் இதே விதி. ஆனால் நாங்கள் அழைத்தால் அவர் எடுத்துப் பேசலாம். எங்கள் செலவில், எத்தனை தடவையும். அவர் எடுக்கத் தவறிவிட்டால் எங்களைத் திருப்பி அழைக்க முடியாது. நாங்கள்தான் மறுபடி முயல வேண்டும்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. “என்ன விசர் ரூல்ஸ் அப்பா இது? என்னை வேணுமெண்டா வந்து கேக்கலாம்தானே?”

அப்பா கண்ணாடியைக் கழற்றிவைத்தார். “உன்னை மாதிரி நல்லாப் பாயுற ஒரு பிள்ளைக்கு நூறு கல்லூரியில இருந்து நாளுக்கு நாள் போன் வந்தா என்ன நடக்கும்? நீ எப்ப படிக்கிறது, எப்ப நித்திரை கொள்ளுறது? அதுக்குத்தான் மறிச்சு வச்சிருக்கினம்.”

குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “இஞ்சருங்கோ, எனக்கு ஒண்டு சொல்லுங்கோ. இந்தக் கட்டுப்பாடு முழுக்க அவைக்குத்தானே? எங்களுக்கு ஒண்டும் இல்லையே?”

“ஓம், எங்களுக்கு ஒண்டும் இல்லை.”

“பிறகென்ன? அவை எங்களத் தேடி வரேலாது. நாங்கள் அவையத் தேடிப் போகலாம். எடுங்கோ போனை.”

நானும் அப்பாவும் பந்தி பந்தியாக வாசித்தும் காணாத விஷயம் அது. நான் அழைப்பு வருமென்று காத்திருக்கும் பிள்ளையாக என்னை நினைத்திருந்தேன். அம்மா ஒரே வசனத்தில் அதை மாற்றிப்போட்டார்.

கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பேச வாங்கும் அதே தொலைபேசி அட்டைகளைக் கடையில் வாங்கினோம். எங்களுக்குச் சனிக்கிழமை காலை, அவர்களுக்கு வெள்ளி பின்னேரம். அப்பா நடுவர் வேலைக்குப் போகுமுன் மூவரும் தொலைபேசியைச் சுற்றி உட்கார்ந்தோம். முதல் தடவை பதில் சொல்லும் இயந்திரம்தான் எடுத்தது. அவரால் திருப்பி எடுக்க முடியாது என்று தெரிந்தும், அந்த வாரம் முழுதும் தொலைபேசி அடித்தால் நானே ஓடிப்போய் எடுத்தேன். அடுத்த சனி அவரே எடுத்தார்.

“நீங்கள் அழைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா?” என்றார். வெயிலில் போய் இருந்த பெண்ணின் குரல் அப்படிக் கலகலப்பாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

நான் பயிற்சி பற்றிக் கேட்டேன். அப்பா பாடங்களைப் பற்றிக் கேட்டார். கடைசியில் அம்மா தொலைபேசியை வாங்கினார். வைத்தியசாலையில் கதைக்கிற அதே நிதானமான ஆங்கிலத்தில் கேட்டார்: “நான் தாதி. முழங்கால் கிழிந்த விளையாட்டுக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். என் மகளுக்கு அப்படி நடந்தால் புலமைப்பரிசில் என்னவாகும்?”

அவர் சொன்னார்: “ஒவ்வொரு வருடத்துக்கும் தனித்தனியாகத்தான் தருவோம். கடதாசியில் ஒரு வருடம்தான் இருக்கும். காயப்பட்டதற்காக நான் ஒருவரையும் இதுவரை நிறுத்தியதில்லை. ஆனால் நிறுத்தவே மாட்டேன் என்று எழுதித் தர என்னால் முடியாது.”

அம்மா நன்றி சொல்லி வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். “இவ பொய் சொல்லுற ஆள் இல்லை,” என்றார். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணைப் பற்றி அவர் ஒரு குறையும் சொல்லிக் கேட்டதில்லை.

அந்த வருடம் முழுவதும் மாதத்தில் ஒரு சனியாவது பேசினோம். அவருக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே நான் பயிற்சியில் நடப்பதைக் கவனித்து நினைவில் வைத்துக்கொள்ளத் தொடங்கினேன். எந்த அடியில் உடம்பு முன்னால் சாய்கிறது, எந்தக் காலில் இறங்கும்போது வேகம் குறைகிறது. யாராவது வந்து என்னைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற எண்ணம் எப்போது போனது என்று தெரியாது. போய்விட்டது.

நவம்பரில், பரீட்சைக் காலத்தில், ஒரு பின்னேரம் வீட்டுத் தொலைபேசி அடித்தது. அப்பா எடுத்தார். நான் வரவேற்பறையில் படித்துக்கொண்டிருந்தேன். மறுமுனையில் ஓர் ஆண் குரல், பெரிதாகச் சிரிக்கிற குரல், எனக்கே கேட்டது. வேறொரு அமெரிக்கக் கல்லூரியின் பயிற்றுநர். அதன் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். தடகளம் செய்கிற எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஒலிம்பிக்குக்கு ஆட்களை அனுப்புகிற இடம். நான் கதிரையிலிருந்து எழும்பியே விட்டேன்.

அப்பா கையால் என்னை இருக்கச் சொன்னார்.

“ஐயா, என் மகள் பதினோராம் வகுப்பு. கடைசி வருடம் பெப்ரவரியில்தான் தொடங்குகிறது. அதற்கு முன் நீங்கள் இந்த வீட்டுக்கு அழைக்கக்கூடாது.”

அந்தக் குரல் மறுபடி சிரித்தது. “சேர், நீங்கள் இருப்பது அவுஸ்திரேலியாவில். நான் அழைத்தது யாருக்குத் தெரியப் போகிறது?”

“எனக்குத் தெரியுமே,” என்றார் அப்பா. “பெப்ரவரியில் எடுங்கள். மகள் வீட்டில் இருப்பாள்.” வைத்துவிட்டார்.

நான் கத்தினேன். நன்றாக நினைவிருக்கிறது. “உங்களுக்கு அது எந்தக் கல்லூரி எண்டு தெரியுமா? எவ்வளவு பெரிய இடம் எண்டு தெரியுமா? ஒரு போன்தானே அப்பா!” அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினேன். அழுதேன்.

வெகுநேரம் கழித்து அப்பா கதவைத் தட்டினார். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றார்.

“பிள்ளை, அந்தாள் இண்டைக்கு உனக்காக ஒரு சட்டத்தை மீறினவர். நாளைக்கு இன்னொரு பிள்ளைக்காக உன்னையும் விட்டிட்டுப் போவார். எனக்கு அப்பிடித்தான் படுது. ஆனா போறது நீதான். பெப்ரவரியில அவர் எடுத்தா நீ கதை. நான் மறிக்க மாட்டன்.”

அன்று எனக்கு அது சமாதானமாக இல்லை. இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஜனவரியில் மெல்போர்னில் ஒரு கோடைகாலப் போட்டி. நான் உடம்பைச் சூடாக்கும் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் வந்து நின்றார். வெயில் கண்ணாடி, பளபளவென்ற மேற்சட்டை, அதில் அந்தப் பெரிய கல்லூரியின் சின்னம். சிரிப்பைக் கேட்டதும் ஆள் யார் என்று விளங்கியது. என் பெயரைப் பாதி சரியாகச் சொல்லி அழைத்தார்.

“உன் அப்பா கொஞ்சம் கண்டிப்பானவர் போல,” என்றார். “இரண்டு நிமிசம் பேசுவோமா? நீயும் நானும் மட்டும்.”

பேசியிருக்கலாம். அப்பா வேறு மைதானத்தில் கிரிக்கெட் நடுவராக நின்றார். அம்மாவுக்கு வேலை. என் பயிற்றுநர் மணற்குழிப் பக்கம். ஒருவரும் பார்க்கவில்லை. நவம்பரில் இதே ஆள் இப்படி வந்து நின்றிருந்தால் நான் வேலியைத் தாண்டிக் குதித்திருப்பேன். ஆனால் எனக்குத் திடீரென்று அந்தப் பெண்ணின் சிவந்த முகம் நினைவுக்கு வந்தது. அவரிடமும்தான் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு ரோல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டு எங்களோடு இருந்திருக்கலாம். எழும்பிப் போனார்.

“ஹலோ,” என்றேன். “எங்களுக்குப் பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை.”

ஓடத் தொடங்கினேன். முதல் பாய்ச்சலில் பலகையைத் தாண்டி மிதித்து, சிவப்புக் கொடி; அது கணக்கில் சேராது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் சுமாராகப் பாய்ந்தேன். அன்று ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. ஆனாலும் வீட்டுக்கு ரயிலில் வரும்போது, ஒரு பதக்கத்தோடு வந்த நாட்களைவிட நிமிர்ந்து இருந்தேன். கடைசித் தரிப்பிடமான கிளென் வேவர்லியில் இறங்கி நடந்து, குசினிக்குள் நின்ற அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். “நீ அப்பிடியே சொன்னனீ?” என்றார். “ஓம்,” என்றேன். தேத்தண்ணி ஊற்றித் தந்தார், தன் கையால், இரண்டு கரண்டி சீனி கூடப் போட்டு.

பன்னிரண்டாம் வகுப்பின் முதல் நாள் வந்தது. அன்று அந்தப் பெண் கட்டாயம் அழைப்பார் என்று நம்பியிருந்தேன். பள்ளியிலிருந்து ஓடிவந்தேன். அழைப்பு இல்லை. அம்மா தொலைபேசியைத் தூக்கிக் காதில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்தார். அப்பா தன் நண்பர் ஒருவரிடம் ‘இண்டைக்கு எடுக்காதையுங்கோ, லைன் வேணும்’ என்று சொல்லிவைத்தார். இரவுச் சாப்பாடும் முடிந்தது. ஒன்றும் இல்லை. சிரிக்கிற ஆளும் எடுக்கவில்லை. இரண்டும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் காலை, நான் சப்பாத்து மாட்டிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. அந்தப் பெண்தான்.

“நேற்று முழுதும் தொலைபேசிக்குப் பக்கத்தில்தான் இருந்தேன்,” என்றார். “உங்களுக்குப் பள்ளி திறந்தபோது இங்கே இன்னும் முந்தைய நாள். விதியில் உங்கள் நாள் கணக்கா, எங்கள் நாள் கணக்கா என்று ஒருவராலும் எனக்குச் சொல்ல முடியவில்லை. அதனால் இரண்டு பேருக்கும் அந்த நாள் வரட்டும் என்று காத்திருந்தேன்.”

நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். அப்பா கதிரையின் சாய்வைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்படி அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் அதிகம் கண்டதில்லை. “இது ஆள்!” என்றார். “இது ஆள்!”

மார்ச்சில் அவர் மெல்போர்ன் வந்தார். இப்போது நேரில் பேசலாம். எங்கள் வீட்டு மேசையில் இருந்து, என் பாய்ச்சல்களின் வீடியோவைப் போட்டு, நல்லதையும் கெட்டதையும் ஒளிக்காமல் சொன்னார். பிறகு கல்லூரிச் செலவில் நான் அங்கு போய் இரண்டு நாள் தங்கிப் பார்த்தேன். அணிப் பெண்களோடு அவர்களின் விடுதியில் தூங்கினேன். குளிர் தாங்க முடியவில்லை. ஆனால் அவர்கள் தங்கள் பயிற்றுநரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் பேசிய விதம் எனக்குப் பிடித்திருந்தது.

சிரிக்கிற ஆள் ஏப்ரலில் ஒரு முறை அழைத்தார். அப்பா தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு வெளியே போய்ப் புல்லுக்குத் தண்ணீர் விடத் தொடங்கினார். நான் மரியாதையாகப் பேசினேன். நான் எங்கு போகிறேன் என்று சொன்னேன். “தவறு செய்கிறாய்,” என்றார். “இருக்கலாம்,” என்றேன்.

அந்தப் பெண்ணின் கல்லூரியிலிருந்து வந்த ஒப்பந்தத்தில் எனக்கு மட்டுமல்ல, பெற்றோருக்கும் கையெழுத்துப் போட இடம் இருந்தது. அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டுச் சேலை உடுத்திக்கொண்டு வந்து கையெழுத்திட்டார். அதைப் பார்க்க வீட்டில் எங்கள் மூவரைத் தவிர யாரும் இல்லை.

நான் ஒலிம்பிக்குக்குப் போகவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். முதல் வருடம் கணுக்கால் பிசகி ஒரு பருவம் முழுவதும் பாயவில்லை. புலமைப்பரிசில் நிற்கவில்லை. மூன்றாம் வருடம் எங்கள் பிராந்தியக் கல்லூரிகளின் இறுதிப் போட்டியில் இரண்டாவதாக வந்தேன். இயன்முறை மருத்துவத்துக்கு அடித்தளமான பட்டம் ஒன்றோடு வீடு திரும்பினேன்.

அந்த மூன்றாம் வருடப் போட்டிக்கு அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். அம்மா சேலைக்கு மேலே எங்கள் அணியின் தடித்த மேற்சட்டையைப் போட்டிருந்தார், அளவு பெரிது, சட்டைக்கைகள் விரலுக்கும் கீழே தொங்கின. சுற்றி இருந்த பெற்றோர் எல்லோரும் அவருக்கு நண்பர்களாகிவிட்டிருந்தார்கள். என் கடைசிப் பாய்ச்சலின் தூரத்தை ஒலிபெருக்கியில் சொன்னபோது நான் மணலைத் தட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். அம்மா எழும்பி நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, தொங்குகிற சட்டைக்கை இரண்டையும் ஆட்டிக்கொண்டு, முழு மைதானத்துக்கும் கேட்கத் தமிழில் கத்திக்கொண்டிருந்தார்: “அது என்ர பிள்ளை! அது என்ர பிள்ளை!”